யாருடைய ஆதரவு, யாருடைய வாக்கு?



2024 ஜனாதிபதித் தேர்தல் நேரம் நம்மூர்ப் பத்திரிகைகளைப் புரட்டினால், "முஸ்லிம்களின் ஆதரவு இன்னாருக்கே" என்ற மாதிரித் தலைப்புகள்தான். செய்தி எது, காசு கொடுத்த விளம்பரம் எது என்றே விளங்கவில்லை.

ஒரு கட்சித் தலைவர் அறிக்கை விட்டால் அது அவருடைய ஆதரவு. அதை முழுச் சமூகத்தின் ஆதரவாக அச்சடிக்க யார் அனுமதி கொடுத்தது?

2019இல் நம் கட்சிகள் சஜித்தைக் காட்டின. நாமும் அள்ளிப் போட்டோம். 2020 ஒக்டோபரில், ஜனாஸாக்களை எரிக்கும் உத்தரவு நடைமுறையில் இருக்கும்போதே, அதே கட்சிகளின் எம்பிமார் பலர் 20ஆவது திருத்தத்துக்குக் கை உயர்த்தினார்கள். அன்று நம்மிடம் யாரும் கேட்கவில்லை.

2024 செப்டெம்பரில் திகாமடுல்லையில் சஜித் முன்னிலை. இரண்டே மாதத்தில், பாராளுமன்றத் தேர்தலில், அங்குள்ள 7 ஆசனங்களில் 4 தேசிய மக்கள் சக்திக்கு. எல்லாம் நம் வாக்கல்ல. ஆனால் நம் வாக்கும் அதில் இருந்தது.

பத்திரிகை ஒருவரை ஆதரிக்கலாம், தவறில்லை. ஆசிரியர் தலையங்கத்தில் காரணத்தோடு தன் பெயரில் எழுதட்டும். நம் பெயரில் வேண்டாம்.

"யார் சொன்னது? எதற்காகச் சொன்னார்?" என்று கேட்டு வாசிக்கத்தான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ஆளுங்கட்சியின் செய்தியையும் அப்படியே வாசிப்போம்.