எல்லாருக்கும் ஒரே சீட்டா?

என் மாமியாருக்கு 74 வயது. இதயம் பலவீனமாகி, கால் வீங்கி ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது சாப்பாட்டுக்கு ஓர் அச்சடித்த சீட்டு கொடுத்தார்கள். பக்கத்து கட்டில்காரருக்கும் அதே சீட்டுதான்!

'உப்பைக் குறைக்கவும்' என்றிருந்ததால், நான் உப்பே போடாமல் கஞ்சி கொடுத்தேன். அத்தை இரண்டு வாய்க்கு மேல் தொடவில்லை. தோளெல்லாம் எலும்பு, கால் வீக்கத்தால் எடை மட்டும் குறையாத மாதிரி காட்டியது. பார்க்க வந்த நாத்தனார், 'அம்மாவை பட்டினி போடறீங்களா, அண்ணி?' என்றதும் அழுதே விட்டேன்.

அடுத்த செக்கப்பில், விடாப்பிடியாகக் கேட்டு உணவு ஆலோசகரைப் பார்த்தேன். 'என்ன பிடிக்கும், பல் இருக்கா, எப்போ பசிக்கும்?' என்று அத்தையிடமே விசாரித்து எழுதிக் கொடுத்தார். ஊறுகாய், அப்பளம், கருவாடு கூடாது. சமையலில் அளவாக உப்பு போடலாம். மிளகு, சீரகம், எலுமிச்சை சேர்த்தால் ருசி வரும். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை. ரசமும் தண்ணீர் கணக்கில் சேரும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே வரணும். 'சோடியம் குறைந்த உப்பு' வாங்க இருந்தேன். அதிலுள்ள பொட்டாசியம், அத்தையின் மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்தாம்!

மாத்திரையை ஆளுக்கு ஆள் பார்த்து எழுதுகிறவர்கள், சாப்பாட்டை மட்டும் ஏன் அச்சடித்து நீட்டுகின்றனர்? முதல் நாளே கால் மணி நேரம் பேசியிருந்தால், அத்தை இப்படி இளைத்திருப்பாரா? நானும் அந்தப் பேச்சு வாங்கியிருப்பேனா?

— ஒரு மருமகள், திண்டுக்கல்.