பிணத்தை அடகு பிடிக்க முடியாது

செத்துப்போன மனுஷனோட உடம்பு யாருக்குச் சொந்தம்? பிள்ளைக்கா, பெண்டாட்டிக்கா, கடைசியா வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரிக்கா? சட்டத்தைக் கேட்டால் யாருக்குமே இல்லை என்கிறது. பிணம் என்பது சொத்தே கிடையாது. விற்க முடியாது, வாங்க முடியாது, பாகம் பிரிக்க முடியாது. குடும்பத்துக்கு இருப்பது அதை வாங்கிக்கொண்டு போய் முறைப்படி அடக்கம் செய்யும் உரிமை. கூடவே, அதைச் செய்தாக வேண்டிய கடமை. அவ்வளவுதான்.

சொத்தே இல்லாத ஒன்றை அடகு பிடிக்கவும் முடியாது இல்லையா? ஆனா நம்ம ஊர்ல நடப்பது அதுதான்.

இங்கிலாந்தில் இது 1841-லேயே முடிந்துபோன விவகாரம். கடனுக்காகச் சிறையில் இருந்த ஒருத்தர் உள்ளேயே செத்துப்போனார். எனக்கு வரவேண்டிய பாக்கியைக் கட்டினால்தான் உடம்பைத் தருவேன் என்று ஜெயிலர் அடம் பிடித்தார். பாக்கி வேற, பிணம் வேற, மரியாதையா கொடு என்று கோர்ட் உத்தரவு போட்டது. ('மரியாதையா' மட்டும் என் சேர்க்கை.) 180 வருஷத்துக்கு மேல ஆச்சு. நம்ம ஊர் பில்லிங் கவுன்ட்டருக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரலை.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க பெரியப்பா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தவறிப்போனார். ராத்திரி ரெண்டு மணி. பெரியம்மா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதுக்கிட்டு இருக்காங்க. கவுன்ட்டர்ல இருந்த பையன் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "ஃபைனல் செட்டில்மென்ட் முடிச்சுட்டு வாங்க சார், அப்பதான் மார்ச்சுவரிக்கு ஸ்லிப் தருவோம்" என்றான். அந்தப் பையனைக் குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம், அவனுக்கு மேலே இருக்கறவங்க சொல்லிக்கொடுத்த வசனம். அண்ணன், நான், மாப்பிள்ளை மூணு பேரும் கார்டை மாத்தி மாத்தித் தேய்ச்சோம். லிமிட் பத்தலை. விடியற வரைக்கும் உடம்பு உள்ளேயே இருந்தது.

பில் பணம் அவங்களுக்கு வரவேண்டியதுதான், நான் மறுக்கவே இல்லை. நோட்டீஸ் விடட்டும், சிவில் கோர்ட்டுக்குப் போகட்டும், அவர் விட்டுட்டுப் போன சொத்திலிருந்து வசூல் பண்ணட்டும். கடனுக்கு அதுக்குன்னு வழி இருக்கு. உடம்பைப் பிடிச்சு வைக்கிறது அந்த வழி இல்லை.

நம்ம நாட்டிலும் இதைச் சொல்லியாச்சுங்க. அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் கண்ணியம் செத்த உடம்புக்கும் உண்டு என்று 1995-ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீடு வாசல் இல்லாம ரோட்டோரம் செத்தவருக்கும் அவரவர் மத வழக்கப்படி அடக்கம் உண்டு என்று 2002-ல் இன்னொரு தீர்ப்பு. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இது தனி உரிமையாகவே இருக்கு. 2021 மே மாசம், கொரோனா ரெண்டாவது அலையில், பாக்கிக்காக உடம்பைப் பிடித்து வைக்கக் கூடாது என்று அதே ஆணையம் திரும்பவும் எழுதியது. சாசனம், அறிவுரை எல்லாம் சரி. கவுன்ட்டர்ல யாருக்கு அது உறைக்கப் போகுது? அசாமில் 2025 ஜூலையில் அமைச்சரவை ஒரு முடிவு எடுத்தது: இறப்பை உறுதி செய்த 2 மணி நேரத்துக்கு மேல் தனியார் ஆஸ்பத்திரி உடம்பை வைத்திருக்கக் கூடாது, பாக்கி இருந்தாலும் சரி. இப்படி மணிக்கணக்கு வெச்சுச் சொன்னால்தான் வேலைக்கு ஆகும்.

ஒரு விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்கணும். விபத்து, தற்கொலை, சந்தேக மரணம் என்றால் போலீஸ் விசாரணையும் தேவைப்பட்டால் போஸ்ட்மார்ட்டமும் முடியாம தர முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவு, 2024-லிருந்து புதுச் சட்டத்தில் 194. அங்கே போய் ஆஸ்பத்திரிக்காரங்களோட சட்டையைப் பிடிக்கறது நியாயமில்லை. பணத்துக்காக நிறுத்தினால் மட்டும், "பில் பாக்கிக்காக உடம்பைத் தர மறுக்கிறோம்னு லெட்டர்ஹெட்ல எழுதிக் கொடுங்க" என்று அமைதியாக் கேளுங்க. அந்த வரியை எழுதிக் கையெழுத்துப் போட யாருக்கும் கை வராது.

சரி, ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியாச்சு. அடுத்து ஃப்ரீசர் பாக்ஸ், வண்டி, பந்தல், பூ, பாடை, மேளம், சங்கு. மேல்நாட்டுல இதையெல்லாம் ஒரே ஆள் பார்ப்பார், ஃப்யூனரல் டைரக்டர்னு பேரு. நம்ம பக்கம் ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு ரேட்டு. (சென்னையில இப்ப பேக்கேஜும் வந்தாச்சு.) ரேட்டு எங்கேயாவது எழுதி ஒட்டி இருக்கா? ஃப்ரீசர் பாக்ஸ்காரர் முதல்ல பார்க்கறது வீட்டு வாசலைத்தான். கார் நின்னா ஒரு விலை, சைக்கிள் நின்னா ஒரு விலை. அழுதுக்கிட்டு இருக்கறவன் பேரம் பேச மாட்டான் என்பதுதான் இந்தத் தொழிலின் மூலதனம். கத்திரிக்காய்க்கு நாலு கடை ஏறி இறங்கற நாம, அப்பாவைப் படுக்க வைக்கிற பெட்டிக்கு விலை கேட்கவே கூச்சப்படுறோம்.

அமெரிக்காவில் 1984-லிருந்தே இதுக்கு ஒரு விதி இருக்கு. நேரில் போய்க் கேட்டால், ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி விலை போட்ட பட்டியலைக் கையில் கொடுத்தாகணும், அதை நாம வீட்டுக்கும் எடுத்துட்டு வரலாம். போனில் கேட்டாலும் விலை சொல்லணும். சவப்பெட்டியை வெளியில் வாங்கி வந்தால் ஏற்றுக்கொள்ளணும், அதுக்காகத் தனிக் கட்டணம் போடக் கூடாது. உடம்பைப் பதப்படுத்துவது சட்டப்படி கட்டாயம் என்று பொய் சொல்லி காசு பிடுங்கக் கூடாது. மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 50,000 டாலருக்கு மேல் அபராதம் போகலாம். (அதுக்காக அங்கே சாவு மலிவு என்று நினைச்சுடாதீங்க.) இங்கிலாந்து 2021-ல்தான் விலைப்பட்டியலைக் கட்டாயமாக்கியது. ஆனா விலை தெரிஞ்சா மட்டும் போதாதுங்க. 2024 மார்ச்சில் அங்கே ஹல் நகரத்தில் ஒரு நிறுவனத்திலிருந்து போலீஸ் 35 உடம்புகளை மீட்டது. அந்தத் தொழிலைத் தொடங்க அங்கே அப்போ லைசென்ஸே தேவை இல்லை. ஸ்காட்லாந்து மட்டும் 2025 மார்ச்சிலிருந்து சட்டப்படியான நடத்தை விதிகளைக் கொண்டு வந்தது. நம்ம ஊருக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு உடனே வேணும்னு கேட்கலை. வண்டியின் கதவிலும் பெட்டியின் மூடியிலும் வாடகையைப் பெயின்ட்ல எழுதணும் என்று ஒரு உத்தரவு. ஆட்டோ மீட்டருக்கு ஆன கதி இதுக்கும் ஆகும்னு சிரிப்பீங்க. ஆகட்டும். எழுதி இருந்தால் கேட்கவாவது முடியும்.

சுடுகாட்டுக்கு வருவோம். சென்னை மாநகராட்சி மயானங்களில் எரிக்கவும் புதைக்கவும் கட்டணம் இல்லை. இருந்தும் கையில் காசு கைமாறுது. இதை எழுதினதும் வெட்டியான் கொள்ளைன்னு கிளம்பிடாதீங்க. தலைமுறை தலைமுறையா ஒரே சாதிக்காரங்க தலையில் இந்த வேலையைக் கட்டிட்டு, கூலியை மட்டும் செத்த வீட்டுக்காரங்க மனசு பார்த்துக் கொடுக்கறதா வெச்சது யாரு? ஒழுங்கா மாசச் சம்பளம், கையுறை, பூட்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் கொடுத்துட்டு அப்புறம் "கை நீட்டாதே"ன்னு சொன்னா அதுல நியாயம் இருக்கு. அவங்களுக்குச் சட்டம் கடமையை மட்டும் மறக்காம எழுதி வெச்சிருக்கு. 1969-ம் வருஷப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் மயானப் பொறுப்பாளரும் இறப்பைப் பதிவாளருக்குத் தெரிவிக்கணும். அதனால அவர் டாக்டர் சர்டிபிகேட் கேட்டால் அது குடைச்சல் இல்லை, அவர் வேலை. செத்தவர் மேல இருந்த மூக்குத்தியையோ மோதிரத்தையோ யார் எடுத்தாலும் ஜெயில்தான். அதுக்குத் தனிப் பிரிவே இருக்கு.

2020 ஏப்ரல் 19 ராத்திரி யாருக்கும் மறந்திருக்காது. கொரோனாவில் இறந்த டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் உடம்போடு போன ஆம்புலன்ஸைச் சென்னையிலேயே கல்லால் அடிச்சாங்க. டிரைவருக்கும் ஊழியர்களுக்கும் காயம். கடைசியில் கூட வேலை பார்த்த டாக்டரே மண்வெட்டி பிடித்துப் புதைத்தார். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. ஒரு வாரத்தில், அறிவிக்கப்பட்ட நோயால் இறந்தவரின் அடக்கத்தைத் தடுத்தால் 1 முதல் 3 வருஷம் ஜெயில் என்று அரசு அவசரச் சட்டம் போட்டது. ஒரே வாரம்! மனசு இருந்தா வேகமா முடியும் என்று அப்போதுதான் தெரிஞ்சுது.

அரசு ஆஸ்பத்திரியில் யாராவது தவறிட்டா வெளியே நிக்கிற வண்டிக்காரரிடம் உடனே போயிடாதீங்க. இலவச அமரர் ஊர்தி இருக்கு, நம்பர் 155377. இப்பவே போன்ல பதிஞ்சு வெச்சுக்குங்க. அந்த நேரத்துல தேடத் தோணாது.