எஞ்சின் ஓடுது, கரண்டு வரலை

பொங்கல் சமயம். லிட்டில் இந்தியாவில் நண்பர்களோடு தோசைக் கடை போட்டிருந்தேன். குளிர்பெட்டியில் 20 கிலோ மாவு. இரண்டு வருடமாகச் சும்மா கிடந்த எங்கள் ஜெனரேட்டர் ‘தடதட’வென ஓடியது, விளக்கு மட்டும் எரியவில்லை. நம் ஊர் வெயிலில் மாவு எவ்வளவு நேரம் தாங்கும்?

ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவரை அழைத்தோம். “எல்லா வயரையும் கழற்றுங்க தம்பி, பிரேக்கரைப் போடுங்க” என்றார். பலனில்லை. பிறகு மீட்டர் வைத்தார். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் பூஜ்யம்.

“நாலைந்து வோல்ட் காட்டினா, கார்பன் பிரஷ், ரெகுலேட்டரைச் சந்தேகப்படலாம். ஒண்ணுமே இல்லைன்னா, சுருள் அறுந்திருக்கணும். இல்லாட்டி காந்தம் செத்திருக்கணும்.”

இந்த வகை ஜெனரேட்டரின் இரும்பில் தங்கியிருக்கும் துளிக் காந்தம்தான் முதல் மின்சாரத்தை உண்டாக்கும். அந்த மின்சாரமே காந்தத்தை வளர்க்கும். ஜெர்மனியின் வெர்னர் சீமென்ஸ் 1866இல் கண்ட தத்துவம் இது. நெடுநாள் ஓட்டாமல் விட்டால் அந்தத் துளி மங்கிவிடலாம்.

சுருளைச் சோதித்துவிட்டு, 12 வோல்ட் பேட்டரியால் சில விநாடி காந்தம் ஏற்றினார் அண்ணன். விளக்கு எரிந்தது, மாவும் பிழைத்தது.

பிரேக்கரை நீங்களே பார்க்கலாம். மூடியைத் திறக்கும் வேலையை உரிமம் பெற்றவரிடம் விடுங்கள். ஜெனரேட்டரை அறைக்குள் ஓட்டவே கூடாது; அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

இப்போது மாதம் ஒருமுறை, மின்விசிறியை மாட்டி, அரைமணி நேரம் ஓட்டுகிறேன்.