சுண்ணாம்புச் சிறைக்குள் தூங்கும் கிருமி

அரியலூர்க்காரர்களுக்குச் சுண்ணாம்பைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியது இல்லை. பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே கடல் இருந்தது. கடல் பிராணிகளின் ஓடுகள் படிந்து சுண்ணாம்புக் கல் ஆயின. அதை வெட்டி எடுத்துத்தான் இன்று சிமெண்டு செய்கிறார்கள். பக்கத்தில், பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில், ஒரு மரமே கல்லாகிக் கிடக்கிறது.

மனித உடம்புக்குள்ளும் இப்படி ஒரு சுண்ணாம்பு வேலை நடக்கிறது.

காச நோய்க் கிருமி நுரையீரலுக்குள் புகுந்தால், உடம்பு அதைச் சுற்றிச் சுவர் கட்டுகிறது. நாளடைவில் சுவரில் சுண்ணாம்பு ஏறி இறுகிவிடுவதும் உண்டு. எக்ஸ்ரே படத்தில் அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

உள்ளே கிருமி செத்துவிட்டதா? பல சமயம் செத்திருக்கும். சில சமயம் உயிரோடு தூங்கிக்கொண்டிருக்கும்!

காவலன் வயிற்றில் திருடன்

நமது ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. இவை உடம்பின் காவலர்கள். கிருமியைக் கண்டால் அப்படியே விழுங்கிவிடும். பிறகு அதன் மீது திராவகத்தைக் கொட்டிக் கொல்லும்.

மற்றக் கிருமிகளில் பல விழுங்கப்படாமல் தப்பப் பார்க்கும். காச நோய்க் கிருமியோ விழுங்கியதும் அங்கேயே தங்கிவிடுகிறது. திராவகப் பை தன் பக்கம் வந்து சேராதபடி தடுத்துவிடுகிறது. போலீஸ்காரர் வீட்டு அறையிலேயே திருடன் குடியிருப்பது போலத்தான்! வெளியே இருக்கும் காவலர்களுக்கு ஆள் இருப்பதே சரியாகத் தெரிவதில்லை.

உலக மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் உடம்பில் இந்தக் கிருமி புகுந்திருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பயப்பட வேண்டாம். அவர்களில் 100 பேருக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் நோய் வருகிறது. மற்றவர்களிடம் சுவர் நிற்கிறது.

சுவர் எப்போது இடியும்?

காவலர் சோர்ந்தால் சுவர் இடியும். இந்தியாவில் அவர்களைச் சோர வைப்பதில் முதல் இடம் பசிக்கு. சர்க்கரை நோய், புகை, குடி எல்லாம் அதற்குத் துணை.

கல் உடைக்கும் தூசியும் உண்டு. பெரம்பலூர் வட்டாரத்தில் கல் குவாரிகள் இருக்கின்றன. கருங்கல்லை உடைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத பொடி பறக்கிறது. காவல் அணுக்கள் அந்தப் பொடியையும் கிருமி என்று விழுங்கும். விழுங்கிய அணு செத்துப் போகும். கல் உடைப்பவர்களைக் காச நோய் அதிகமாகப் பிடிப்பதற்கு இதுவே காரணம். மூக்கில் துண்டைக் கட்டினால் இந்தப் பொடி நிற்காது. கல்லில் தண்ணீர் தெளித்து உடைத்தால்தான் அடங்கும். அது கூலிக்காரர் கையில் இல்லை, முதலாளி கையில் இருக்கிறது.

இரண்டாம் மாதத்து ஏமாற்று

மாத்திரை சாப்பிட ஆரம்பித்த சில வாரங்களில் இருமல் குறைகிறது. பசி எடுக்கிறது. "நோய் போய்விட்டது" என்று பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள்.

விழித்திருக்கும் கிருமிகள்தான் அதற்குள் செத்திருக்கும். தூங்குகிறவை மருந்துக்கும் சுலபத்தில் சிக்குவதில்லை. வழக்கமான சிகிச்சை 6 மாதம் நீடிப்பது இதனால்தான். பாதியில் நிறுத்தினால், மிச்சம் இருப்பவை மருந்துக்கு அடங்காத கிருமிகளாக மாறக்கூடும்.

சிகிச்சைக்கு ஊரை விட்டுப் போக வேண்டியதும் இல்லை. 1956-ல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. சில நோயாளிகள் ஆஸ்பத்திரியில் தங்கினார்கள். சிலர் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டார்கள். 1959-ல் முடிவு வந்தது. இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள்! உலகமே அதன் பிறகு வீட்டுச் சிகிச்சைக்கு மாறியது.

எடை மெஷின் போதும்

2025-க்குள் காச நோயை ஒழிப்போம் என்று 2017-ல் மத்திய அரசு நாள் குறித்தது. அந்த நாள் போய்விட்டது, நோய் போகவில்லை. தமிழ்நாடு 2022 ஏப்ரலில் தொடங்கிய "காசநோய் இறப்பில்லா திட்டம்" இதைவிடப் புத்திசாலித்தனமானது. காச நோய்ச் சாவுகளில் பெரும்பாலானவை சிகிச்சை தொடங்கிய முதல் 2 மாதத்தில் நடக்கின்றன. ஆகவே முதலிலேயே ஆபத்தில் இருப்பவர்களைப் பிரித்து ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள்.

எப்படிப் பிரிக்கிறார்கள்? ரத்தப் பரிசோதனைகூட வேண்டாம். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள்.

நோயாளிக்குச் சத்துணவுக்காக மத்திய அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாய் ஆயிற்று. வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் உணவு தேவை. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பங்களுக்கு அரிசியும் பருப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். 2023-ல் முடிவு வெளியானது. அந்தக் குடும்பங்களில் புதிதாக நோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது.