பீரோ மேல தூங்கும் அரசு லேப்டாப்: எக்ஸ்சேஞ்ச் போடும் முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுங்க!

2011 செப்டம்பர் 15. திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில்தான் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் தமிழகம் முழுக்க 50 லட்சத்துக்கும் அதிகமான லேப்டாப்கள் மாணவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அன்று வரிசையில் நின்று வாங்கியவர்களில் பலர் இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர் தொழிற்பேட்டையிலும் ஷிப்ட் பார்க்கிறார்கள். அந்த லேப்டாப்? பெரும்பாலும் பீரோ மேல.

என் சித்தப்பா மகனும் அப்படித்தான். போன மாதம் புது லேப்டாப் வாங்கக் கிளம்பினான். பழசை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் ஏதோ சில நூறு ரூபாய் குறைப்பதாகக் கடையில் சொல்லியிருக்கிறார்கள். "ஆன்கூட ஆகலண்ணா, குடுத்துடலாம்" என்றான். உள்ளே என்ன இருக்கு என்று கேட்டேன். ஐடிஐ சான்றிதழ் ஸ்கேன், அப்ரண்டிஸ் காலத்துப் பேப்பர்கள், அக்கா கல்யாண வீடியோ என்று அடுக்கிக்கொண்டே வந்தவன், "அப்பா போட்டோ எல்லாம் அதுலதான்..." என்று நிறுத்திவிட்டான். சித்தப்பா இறந்து ஐந்து வருஷம் ஆகிறது.

இங்கேதான் நிறைய பேர் தப்புக் கணக்கு போடுகிறோம். லேப்டாப் செத்துப்போவது வேறு, ஹார்ட் டிஸ்க் செத்துப்போவது வேறு. பத்து வருஷப் பழைய மெஷினில் முதலில் போவது பேட்டரி, சார்ஜர், டிஸ்ப்ளே. டிஸ்க் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றிவிட்டு, பின்பக்க ஸ்குருவைத் திறந்தால் உள்ளங்கை அளவில் 2.5 இன்ச் டிஸ்க் வெளியே வரும். அதைப் புது லேப்டாப்பில் பென்டிரைவ் மாதிரி செருக ஒரு சாட்டா-யுஎஸ்பி கேபிள் போதும். சில நூறு ரூபாய்தான். ஆன்லைனில் கிடைக்கும், இல்லாவிட்டால் ரிச்சி தெரு. திருவள்ளூர் லோக்கலோ கும்மிடிப்பூண்டி லோக்கலோ, எதில் ஏறினாலும் சென்ட்ரல் பக்கம்தானே போகிறது.

டிஸ்க்கில் இருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள். மறுபடி மறுபடி ஆன் செய்து பார்ப்பதுதான் அதைக் கொல்லும். டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டிய கேஸ் அது.

இந்த லேப்டாப்களுக்கே உரிய ஒரு பொறியும் உண்டு. பலவற்றில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்த லினக்ஸ் பகுதியை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. டிஸ்க்கைச் செருகியதும், "இதை ஃபார்மட் செய்யட்டுமா?" என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். அவசரத்தில் ஓகே கொடுத்தால் காலேஜ் ப்ராஜெக்ட் காலி. கேன்சல் கொடுங்கள். விண்டோஸ் பகுதி தனியாக, பத்திரமாகத் திறக்கும். பாஸ் பக்கம் ஏதாவது சேமித்து வைத்திருந்தால், உபுண்டு போட்ட பென்டிரைவில் புது லேப்டாப்பை பூட் செய்யுங்கள். இரண்டு பக்கமும் தெரியும்.

இனி காப்பி. கவனியுங்கள், கட் இல்லை. பாதியில் கேபிள் ஆடினால் கட் செய்தது எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேட வேண்டி வரும். பழைய லேப்டாப் ஓடுகிற நிலையில் இருந்து பென்டிரைவ் வழியாக மாற்றினால், யுஎஸ்பி 2.0 வேகத்தில் 100 ஜிபிக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் உள்ள ஒரே ஃபைல், அதாவது அந்தக் கல்யாண வீடியோ, ஏறவே ஏறாது. எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். (பென்டிரைவைத்தான், டிஸ்க்கை இல்லை!)

"பழைய லேப்டாப்பிலேயே நெட் போட்டு டிரைவில் ஏத்திட்டா முடிஞ்சுதே" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விண்டோஸ் 7-க்கு பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. அந்த மெஷினில் இன்றைக்குப் போய் கூகுள் பாஸ்வேர்டை டைப் செய்வதைவிட, புது லேப்டாப்பில் காப்பி செய்து, வைரஸ் ஸ்கேன் முடித்து, அங்கிருந்து ஏற்றுவது நல்லது. ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது அந்தக் காலத்துப் பென்டிரைவ் வைரஸின் வேலை. ஷார்ட்கட்டைக் கிளிக் செய்யாமல், மறைந்த ஃபைல்களைக் காட்டும் ஆப்ஷனை ஆன் செய்தால் ஒரிஜினல் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

டாலி கணக்கு வைத்திருந்தவர்கள், மெஷின் ஓடுகிறது என்றால் அதற்குள்ளேயே பேக்கப் எடுத்து, புதியதில் ரீஸ்டோர் கொடுங்கள்.

தமிழில் டைப் செய்த கடிதம், ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் தனிக்கதை. 2010-லேயே தமிழக அரசு யூனிகோடுக்கு மாறச் சொல்லிவிட்டாலும் டிடிபி சென்டர்கள் பாமினியையும் வானவில்லையும் விடவில்லை. அந்த ஃபாண்ட் இல்லாத புது லேப்டாப்பில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக ஓடும். ஃபைல் கெட்டுவிட்டது என்று டெலிட் செய்துவிடாதீர்கள். பழைய டிஸ்க்கின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து எடுத்து வாருங்கள். பிறகு நிதானமாக கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பத்துப் பதினைந்து போட்டோவையாவது திறந்து பாருங்கள். பழைய டிஸ்க்கை அழிக்க அவசரமே இல்லை. என்னைக் கேட்டால் அழிக்கவே வேண்டாம், இரண்டாவது பிரதியாக இருக்கட்டும். டிஸ்க்கோடு எக்ஸ்சேஞ்சில் போவது ஆதார், பான் ஸ்கேனை முன்பின் தெரியாதவர் கையில் கொடுப்பது போலத்தான். குவிக் ஃபார்மட் அடித்தாலும் ஃபைல்களை மீட்டு எடுத்துவிட முடியும்.

தம்பிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்கப் பிடித்தது. சித்தப்பா போட்டோ 340-க்கு மேல் கிடைத்தது. மறுநாள் டிஸ்க்கை எடுத்து வைத்துக்கொண்டு வெறும் லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுபோனான். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதே சில நூறு ரூபாயைத்தான் குறைத்தாராம்.