பூட்டுக்கும் நாங்கள்தான் காசு கட்டவேணுமா?

"ஓவர்குளொக் செய்தா எரிஞ்சு போகும், கை வைக்காதேங்கோ தம்பி." கணினிக் கடைகளில் இதைக் கேட்காத ஆள் எங்களுக்குள்ள இல்லை. அதே வாய் அடுத்த நிமிசம் சொல்லும்: "வேகம் காணாட்டி மேல உள்ளதை எடுங்கோவன்." முதலாவது பயம் காட்டுறது, இரண்டாவது வியாபாரம். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்யுது.

கொஞ்சம் வரலாறு பார்ப்பம். 1998 இல் இன்டெல் மலிவாக விற்ற செலரோன் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸ் சிப். மதர்போட்டின் பஸ் வேகத்தை 66 இலிருந்து 100 ஆக்கினால் பல சிப்புகள் 450 இல் ஓடின. அதே 450 இல் விற்கப்பட்ட பென்டியம் 2 இன் விலையோ பல மடங்கு. கையில் காசில்லாத பெடியளுக்கு ஓவர்குளொக் அப்படித்தான் ஒரு வழியாக இருந்தது.

2011 இல் சாண்டி பிரிட்ஜோடு அந்தக் கதவு சாத்தப்பட்டது. 'கே' எழுத்துப் போட்ட, விலை கூடின சிப்புகளுக்கு மட்டுமே முழுச் சுதந்திரம். 2015 கடைசியில் சில மதர்போட் நிறுவனங்கள் பூட்டிய ஸ்கைலேக் சிப்புகளை வேறு வழியால் ஓவர்குளொக் செய்ய விட்டன. சில மாதத்துக்குள் பயொஸ் புதுப்பிப்பால் அதுவும் மூடப்பட்டது. அப்ப சிப்புக்கு ஏலாமல் இல்லை, எங்களை விடாமல்தான் வைச்சிருக்கினம்.

எல்லாச் சிப்பும் ஒரே தரத்தில் வாறதில்லை, அது உண்மை. சிலது உண்மையாகவே கூடின வேகம் தாங்காது. அதைச் சோதிச்சுப் பார்க்கிற உரிமை வாங்கின ஆளுக்கு வேணும் எண்டுதான் கேட்கிறம். வேகம் கூட்டினால் உத்தரவாதம் இல்லையெண்டு சொல்லட்டும், அது நியாயம். பூட்டிப்போட்டுத் திறப்பைத் தனியாக விற்கிறது நியாயமில்லை. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 அளவுக்குப் போனபோது, "மேல உள்ளதை" வாங்கச் சொல்லுறது எங்களில எத்தனை பேருக்குப் பொருந்தினது?

எரியிற கதைக்கு வருவம். உண்மையான ஆபத்து வோல்டேஜில்தான் இருக்கு. மின் செலவு வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும்: வோல்டேஜை 10 வீதம் கூட்டினால் வேகம் மாறாமலே 21 வீதம் கூடின சூடு. சூடு எல்லை தாண்டினால் இப்போதைய சிப்புகள் தாங்களே வேகத்தைக் குறைக்கும், கடைசியில் நிண்டுவிடும். ஆனால் பேரில்லாத மலிவுப் பவர் சப்ளைக்கு அந்தப் புத்தி கிடையாது. பயப்பட வேண்டியது அதுக்குத்தான். கடைக்காரர் அதைச் சொல்லுறாரா?

கிராபிக்ஸ் கார்ட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஏத்துங்கோ, திரையில் புள்ளியும் கோடும் தெரிஞ்சா இறக்குங்கோ. அற்புதம் நடக்காது. 55 பிரேம் 60 ஆகலாம், அவ்வளவுதான். மின்விசிறி மட்டும் சுத்துற எங்கட அறைகளுக்கு, அதே வேகத்தில் வோல்டேஜைக் குறைச்சு ஓட விடுறது இன்னும் புத்திசாலித்தனம். சூடும் குறையும், கரண்ட் பில்லும் குறையும்.

2015 பெப்ரவரியில் என்விடியா மடிக்கணினிகளில் ஓவர்குளொக் செய்யிற வசதியை டிரைவரால் நிறுத்தினது. பாவனையாளர்கள் சண்டை பிடிச்ச பிறகு திருப்பித் தந்தது. ஆகவே வாய் திறக்கிறது வீண்வேலை இல்லை. அடுத்தமுறை வாங்கேக்க விலையோடு சேர்த்து "இது பூட்டினதா, திறந்ததா?" எண்டும் கேளுங்கோ. ரைசன் சிப் எடுத்தாலும் ஏ320 போட்டில் அதை ஓவர்குளொக் செய்ய ஏலாது, பி450 இல் ஏலும். பதில் தெரியாத கடைக்காரருக்கு நீங்களே சொல்லிக் குடுத்திட்டு வாங்கோ.