கப்பல் தடைப்பட்டால் விலை ஏறும்; தடை நீங்கினால் ஏன் இறங்குவதில்லை?

பெட்ரோல், டீசல் விலை ஏறும்போதெல்லாம் டில்லி மந்திரிகள் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். எங்கோ யுத்தமாம், கப்பல் வரவில்லையாம், பூமிக்குள் எண்ணெய் வற்றி வருகிறதாம், சர்க்கார் என்ன செய்ய முடியும் என்று கையை விரிக்கிறார்கள்.

இதில் உண்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது, பீப்பாய் 3 டாலருக்கு விற்ற கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. 1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தபோதும் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. ஆகவே அங்கே தீப்பிடித்தால் இங்கே சூடு தட்டத்தான் செய்யும்.

நாம் கேட்கும் கேள்வி வேறு. அங்கே தீ அணைந்த பிறகும் இங்கே உழைப்பாளியின் அடுப்பு மட்டும் ஏன் எரிகிறது? எண்ணெய் மலிந்த காலத்தில் அந்த மலிவு எங்கே போயிற்று?

மலிவை விழுங்கியது யார்?

கணக்கைப் பாருங்கள், தோழர்களே. 2014 மே மாதத்தில் இந்தியா வாங்கிய கச்சா எண்ணெய் பீப்பாய் சுமார் 106 டாலர். அப்போது டில்லியில் பெட்ரோல் லிட்டர் 71 ரூபாய் 41 காசு. 2020 ஜூனில் கச்சா எண்ணெய் சுமார் 40 டாலர். விலை பாதிக்கும் கீழே போய்விட்டது. பெட்ரோல் என்ன ஆயிற்று? ஜூன் கடைசியில் டில்லியில் 80 ரூபாய் 43 காசு! கச்சா எண்ணெய் இறங்க இறங்க, பெட்ரோல் ஏறுகிறது. இந்த அதிசயத்தைச் செய்தது எந்த யுத்தம்? எந்தக் கப்பல்?

செய்தது மத்திய சர்க்காரின் கலால் வரி. 2014 மே மாதத்தில் அந்த வரி பெட்ரோலுக்கு லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசு. டீசலுக்கு 3 ரூபாய் 56 காசு. 2020 மே மாதத்தில் அது பெட்ரோலுக்கு 32 ரூபாய் 98 காசாகவும், டீசலுக்கு 31 ரூபாய் 83 காசாகவும் ஏற்றப்பட்டது. ஊரெல்லாம் அடைத்துக் கிடந்த நாட்கள் அவை. வேலை இல்லை, கூலி இல்லை. அதற்கு முந்தைய ஏப்ரலில் கச்சா எண்ணெய் பீப்பாய் 20 டாலருக்கு விழுந்திருந்தது. பீப்பாய்க்கு 159 லிட்டர். அப்படியானால் லிட்டர் பத்து ரூபாய்க்கும் குறைவு. அந்தப் பத்து ரூபாய்ச் சரக்கின் மீது முப்பது ரூபாய்க்கு மேல் வரி! இதற்குப் பகற்கொள்ளை என்பதைத் தவிர வேறு பெயர் உண்டா?

பெட்ரோலியப் பொருள்களிலிருந்து மத்திய சர்க்காருக்குக் கிடைத்த கலால் வருமானம் 2014-15-ல் சுமார் 99,000 கோடி ரூபாய். 2020-21-ல் சுமார் 3 லட்சத்து 73 ஆயிரம் கோடி. இதில் பெரும்பகுதி செஸ், விசேஷத் தீர்வை என்ற பெயரில் வசூலானது. ஆகவே மாநிலங்களுக்கு அதில் பங்கு இல்லை.

வரி இல்லாமல் சர்க்கார் நடக்குமா என்று கேட்பார்கள். நடக்காது. ஆனால் யாரிடம் வாங்குவது என்பதுதான் கேள்வி. 2019 செப்டம்பரில் இதே சர்க்கார் பெரிய கம்பெனிகளின் வருமான வரியை நூற்றுக்கு 30-லிருந்து 22 ஆகக் குறைத்தது. அதனால் ஆண்டுக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று சர்க்காரே சொன்னது. எட்டே மாதத்தில் பெட்ரோல், டீசல் வரி ஏறியது. கோடீசுவரனுக்கு விட்டுக்கொடுத்தார்கள், கூலிக்காரனிடம் பிடுங்கினார்கள்!

தேர்தலுக்கு அடங்கும் மார்க்கெட்

விலையைத் தாங்கள் வைப்பதில்லை, மார்க்கெட் வைக்கிறது என்பது அடுத்த வாதம். 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டைக் காங்கிரஸ் தலைமையிலான சர்க்கார் நீக்கியது. 2014 அக்டோபரில் டீசல் கட்டுப்பாட்டை பா.ஜ.க. சர்க்கார் நீக்கியது. ஆட்சி மாறியது, பாதை மாறவில்லை. 2017 ஜூன் 16 முதல் தினம் ஒரு விலை என்றார்கள்.

தினம் ஒரு விலையா? 2021 நவம்பர் 4 முதல் 2022 மார்ச் 21 வரை நான்கரை மாதம் கம்பெனிகள் விலையைத் தொடவில்லை. இதற்குள் உக்ரைன் யுத்தம் பிப்ரவரி 24-ல் மூண்டது. கச்சா எண்ணெய் 100 டாலரைத் தாண்டியது. அப்போதும் விலை அசையவில்லை. ஏன்? உத்தரப் பிரதேசம் முதலிய ஐந்து மாநிலங்களில் தேர்தல்! மார்ச் 10-ல் ஓட்டு எண்ணி முடிந்தது. மார்ச் 22 முதல் பதினாறு நாட்களுக்குள் பதினான்கு முறை விலை ஏறியது. லிட்டருக்குப் பத்து ரூபாய். ஓட்டுப் பெட்டியைக் கண்டு பயப்படுகிற மார்க்கெட்டை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

பிறகு ருஷ்ய எண்ணெய் தள்ளுபடி விலையில் வந்தது. 2023-24-ல் இந்தியன் ஆயில், பாரத், ஹிந்துஸ்தான் ஆகிய மூன்று பொதுத்துறைக் கம்பெனிகளின் லாபம் சுமார் 81,000 கோடி ரூபாய். முந்தைய ஆண்டின் நெருக்கடியை ஈடு கட்டத்தான் இந்த லாபம் என்றார்கள். சரி, ஈடு கட்டிய பின் ஜனங்களுக்கு வந்தது என்ன? 2024 மார்ச் 15-ல், பார்லிமெண்ட் தேர்தலுக்குச் சற்று முன்பு, லிட்டருக்கு இரண்டு ரூபாய்!

கோட்டக்குப்பம் எல்லையில் பாடம்

விலையை வைப்பது சர்க்கார்தான் என்பதை அறிய குயிலாப்பாளையம் ஜனங்கள் டில்லிக்குப் போக வேண்டாம். கோட்டக்குப்பத்தைத் தாண்டி முத்தியால்பேட்டைக்குள் நுழைந்தால் போதும். அது புதுச்சேரி. 2021 நவம்பரில் அங்கே மதிப்புக் கூட்டு வரியைக் குறைத்தார்கள். இந்தப் பக்கத்து விலைக்கும் அந்தப் பக்கத்து விலைக்கும் லிட்டருக்குப் பல ரூபாய் வித்தியாசம் வந்தது. அதே எண்ணெய்தான், அதே கம்பெனிதான். எல்லைக் கோடு ஒன்றுதான் வேறு. பாரசீக வளைகுடாவில் கப்பல் தடைப்பட்டால் கோட்டக்குப்பத்துக்கு ஒரு தடை, முத்தியால்பேட்டைக்கு வேறொரு தடையா? மத்திய சர்க்காரோடு மாநில சர்க்காரும் இதில் பதில் சொல்லியாக வேண்டும்.

பங்கில் ஏறும் விலை பங்கோடு நிற்பதில்லை. 2020 ஏப்ரல் 30-ல் ரோடியர் மில்லை இழுத்து மூடினார்கள். நடந்தும் சைக்கிளிலும் மில்லுக்குப் போனவன், இன்று வேலை தேடி எத்தனை மைல் வண்டி ஓட்டுகிறான்! கூலியில் ஒரு பகுதி வேலைக்குப் போவதற்கே செலவாகிறது. ஏர்மாடு போய் டிராக்டர் வந்துவிட்ட வானூர் வட்டாரத்தில், டீசல் ஏறினால் உழவு வாடகை ஏறுகிறது. குத்தகை விவசாயி நடவாளின் எண்ணிக்கையைக் குறைக்கிறான். பொம்மையார்பாளையத்துப் படகு எண்ணெய் இல்லாமல் அலை தாண்டாது. ரேஷன் மண்ணெண்ணெய்க்காவது கருணை உண்டா? 2021-22 மத்திய பட்ஜெட்டில் அதன் மானியத்துக்கு ஒரு காசும் ஒதுக்கவில்லை.

வற்றுவது எது?

பூமியில் எண்ணெய் அள்ள அள்ளக் குறையாததல்ல. ஆனால் உலகில் உறுதி செய்யப்பட்ட இருப்பு 1980-ல் சுமார் 68,000 கோடி பீப்பாய். 2020-ல் சுமார் 1 லட்சத்து 73 ஆயிரம் கோடி. தேடத் தேடக் கணக்கு கூடியிருக்கிறது. குறைந்து வருவது நம் நாட்டு உற்பத்தி! 2011-12-ல் 3 கோடியே 80 லட்சம் டன். 2023-24-ல் 2 கோடியே 94 லட்சம் டன்.

பம்பாய் ஹை போன்ற வயல்களுக்கு வயதாகிவிட்டது, அது மெய். அப்படியானால் புதிய கிணறு தோண்டப் பணம் வேண்டாமா? 2018 ஜனவரியில் எண்ணெய் இயற்கை எரிவாயுக் கழகத்தின் தலையில் ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்தின் பங்குகளைக் கட்டி, 36,915 கோடி ரூபாயை சர்க்கார் வாங்கிக்கொண்டது. கழகம் அதற்காகக் கடன்பட்டது. கிணறு தோண்ட வேண்டியவனைக் கடன்காரனாக்கிவிட்டு, எண்ணெய் வற்றுகிறதென்று கண்ணீர் விடுகிறார்கள்!

நாட்டுக்கு வேறு வழி தெரியாததல்ல. 1960-ல் சோவியத் யூனியன் மலிவு விலையில் கச்சா எண்ணெய் தர முன்வந்தது. பர்மா ஷெல், ஸ்டான்வாக் (பின்னாளில் எஸ்ஸோ), கால்டெக்ஸ் கம்பெனிகள் அதைத் தங்கள் ஆலைகளில் சுத்திகரிக்க மறுத்தன. ஆனாலும் அந்தச் சலுகை விலையைக் காட்டியே அந்தக் கம்பெனிகளிடமிருந்து சர்க்கார் விலைக் குறைப்பு வாங்கியது. அதே ஆண்டு சோவியத் உதவியோடு அங்கலேஸ்வரில் எண்ணெய் கண்டோம். 1970-களில் அந்த மூன்று கம்பெனிகளும் தேசவுடைமையாயின. நிமிர்ந்து நின்றபோது விலை பணிந்தது. இன்று குனிந்து நிற்பதால் ஏறி மிதிக்கிறது.

நாம் கோருவது இவைதான்: செஸ்ஸையும் விசேஷத் தீர்வையையும் வெட்டு! கம்பெனிகளுக்கு விட்டுக்கொடுத்த வரியைத் திரும்ப வசூலி! உலகில் விலை இறங்கினால் இங்கேயும் இறங்க வேண்டும் என்று சட்டம் செய்! விலை நிர்ணயத்தைப் பார்லிமெண்டுக்குப் பதில் சொல்லும் பொறுப்பாக்கு! பொதுத்துறை எண்ணெய்க் கழகத்தின் பணத்தை எண்ணெய் தேடுவதற்கே செலவிடு!

அடுத்த முறை விலை ஏறி, யுத்தம், கப்பல் என்று மந்திரிகள் பேச வரும்போது, லிட்டருக்கு வரி எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். மில் வாசலில் கேளுங்கள். களத்து மேட்டில் கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவனை நிறுத்தி வைத்துக் கேளுங்கள். தேர்தலுக்காக நான்கரை மாதம் நின்ற விலை, ஒன்றுபட்ட ஜனங்களின் குரலுக்கும் நின்றுதான் தீரும்.